அமெரிக்கா போன முப்பத்திமூன்று

அமெரிக்காவிலிருந்து கடுதாசி வந்திருக்கிறது என்று தெருவே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. கடுதாசி வந்த வீட்டில்தான் வடித்த சோறு தொடுவாரில்லாமல் பானையில் கிடந்தது.

1961ஆம் வருஷத்து ஐப்பசி கடைசி. இலுப்பூருக்கும் நார்த்தாமலைக்கும் நடுவே, செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கிற பூமியில், வானத்தை நம்பிக் கடலை போடுகிற சின்ன ஊர் கருங்குளத்துப்பட்டி. அங்கே சோலையப்பனுக்கு மேட்டுக்காட்டில் மூன்று துண்டு நிலம், கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயல், சின்னப்பிள்ளை என்று வாய்த்துடுக்கான பெண்சாதி, நாகராசு என்று ஒரே மகன். மகன் புதுக்கோட்டைக் காலேஜில் கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. படித்து, போன வருஷம் முதல் வகுப்பில் தேறியவன். அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் அதற்கு முன்னால் முதல் வகுப்பைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. மேல்படிப்புக்கு அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்கு எழுதிப் போட்டிருந்தான். இடமும் கொடுத்து, அங்கேயே சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற வேலையும் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களிடமிருந்துதான் கடுதாசி.

சோலையப்பன் மகனைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

“மொத வகுப்புத்தானப்பா நீயி?”

“மொத வகுப்புத்தாம்ப்பா. நம்ம ஊருல.”

“நம்ம ஊருல மொத வகுப்புன்னா அவுக ஊருல என்ன வகுப்பு?”

“நூத்துக்கு அறுவத்திமூணு வாங்கியிருக்கேன். இங்க அறுவது வாங்குனாலே மொத வகுப்பு. அங்க தொண்ணூறு வாங்குறவந்தான் மொத ஆளு. அறுவத்திமூணுன்னா, ஏதோ தட்டுத்தடுமாறித் தேறுன பயன்னு அர்த்தம்.”

“எங்கிட்டாவது எவனாச்சும் தொண்ணூறு வாங்குவானா?”

“அங்க வாங்குறாகளாம்.”

சோலையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஒரு அணாவ ஆறு நயா பைசான்னு மாத்துனப்பவே சந்தையில எனக்குத் தலை சுத்துச்சு. இப்ப புள்ள மார்க்கையும் மாத்தணுமா. சரி, ஒன் அறுவத்திமூணுக்கு அங்கிட்டு என்னதான் வெலையாம்?”

“அதத்தான் அவுகளும் கேக்குறாக. மார்க்க வச்சு ஒண்ணும் புரியல, ஒன் வகுப்புல மத்தவுக எவ்வளவு வாங்குனாக, அதுல நீ எந்த எடத்துல நின்னேன்னு காலேஜ்ல எழுதி வாங்கித் தை பொறக்குறதுக்குள்ள அனுப்புன்னு எழுதியிருக்காக. இல்லேன்னா எடம் இல்லையாம்.”

இதைக் கேட்டதும் சின்னப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. “அம்புட்டுத்தானே. நீதான் மொத ஆளு. காலேஜ்ல எழுதிக் குடுக்க மாட்டாகளா?”

மாட்டோம் என்று சொல்லவில்லை. கணக்குப் புரொபசர் இன்னாசி சார் அடுத்த நாளே நாகராசுவை உட்காரவைத்து, விஷயத்தைப் பிட்டு வைத்தார். “ஒன் மார்க்க நான் எழுதலாம். அடுத்தவன் மார்க்க அவனக் கேக்காம நான் எழுதிக் குடுக்க முடியாதுப்பா. ஒங்கூடப் படிச்சவங்க ஒவ்வொருத்தரும் தன் மார்க் ஷீட்டக் குடுத்து, இதக் காட்டிக்கலாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா, நான் வரிசையா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். ஆனா ஒருத்தன் விடாம வேணும். பெயிலானவன விட்டுட்டுப் பாஸானவன மட்டும் எழுதுனா, பொறுக்கி எடுத்து அனுப்புறோம்னு நெனப்பாங்க. சொல்லப்போனா பெயிலானவன் மார்க்குத்தான் ஒனக்கு முக்கியம். பரீட்சை எவ்வளவு கடுசுன்னு அதுதான் சொல்லும்.”

நாகராசு தலையாட்டினான். அவனுக்கு உடனே ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்த முகம் அவனுடைய பெரியப்பா மகன் சேவுகனுடையது.

இங்கே ஒரு பழைய விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

சேவுகனும் நாகராசுவும் ஒரே வயசு. இலுப்பூர் ஐஸ்கூலுக்கு ஒன்றாக நடந்தவர்கள், புதுக்கோட்டையில் ஒரே அறையில் பொங்கித் தின்றவர்கள். கணக்கில் சேவுகன் ஒன்றும் சளைத்தவனில்லை. ஆனால் கடைசிப் பரீட்சையில் ஒரு பேப்பரில் முப்பத்திமூன்று வாங்கி, இரண்டு மார்க்கில் போய்விட்டது. பேப்பரில் ரிசல்ட் வந்த அன்று ஒரு வீட்டில் பையன் முதல் வகுப்பு, சந்து தாண்டி அடுத்த வீட்டில் பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

சின்னப்பிள்ளை ஐயனாருக்கு நேர்ந்திருந்தாள். சர்க்கரைப் பொங்கல் வைத்துப் படைத்து, ஊரில் ஒரு வீடு விடாமல் கொடுத்தாள். சேவுகன் வீட்டுக்குக் கொடுக்கிறதா வேண்டாமா என்று வந்தது. சோலையப்பன் வேண்டாம் என்றார். “ஊரு பூராக் குடுத்துட்டு ஒரே ரத்தம் உள்ள வீட்ட விட்டா, நாளைக்கு நாக்கப் புடுங்குற மாதிரி நாலு பேரு கேப்பாக” என்று சின்னப்பிள்ளை சொன்னாள். அவள் சொன்னதும் நியாயம்தான். பங்காளி வீட்டை விட்டுவிட்டுப் பொங்கல் கொடுப்பது எங்கள் பக்கத்தில் அந்த வீட்டை இல்லை என்று சொல்வதற்குச் சமம். தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைத் தூக்கு நிறையப் பொங்கல் வைத்து, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்து விட்டாள்.

சேவுகனின் தாய் அழகி தூக்கை வாங்கினாள். மூடியைத் திறந்து பார்த்தாள். நெய்யும் முந்திரியுமாக மணத்தது. நேரே கொல்லைக்குப் போய், மாட்டுக்குக் கழனித் தண்ணீர் ஊற்றுகிற தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். கொண்டுபோன பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஊரில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்.

அன்றோடு பேச்சு நின்றது. சோலையப்பனும் அவர் அண்ணன் அய்யாக்கண்ணுவும் கோயில் காரியத்தில்கூட ஆளுக்கு ஒரு மூலையில் நின்றார்கள். தூக்கு மட்டும் அழகி வீட்டிலேயே இருந்துபோயிற்று. பண்டம் வந்த ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது; ஒரு பிடி அரிசியோ நாலு கத்தரிக்காயோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். போட்டுக் கொடுக்க அழகிக்கு மனசு வரவில்லை. வெறுமனே கொடுக்கக் கை வரவில்லை. ஒன்றரை வருஷமாக அது அவள் வீட்டுப் பரணில் கவிழ்ந்து கிடந்தது.

நாகராசு முதலில் சேவுகனை விட்டுவிட்டு மற்றவர்களைத் தேடிக் கிளம்பினான். சைக்கிளிலும் பஸ்ஸிலுமாக, மழைக்கு நடுவே, ஊர் ஊராக அலைந்தான். ஒரு மனுஷனிடம் போய் ‘நீ குறைவாக வாங்கிய மார்க்கைக் கொடு, அதைக் காட்டி நான் பெரிய ஆளாக வேண்டும்’ என்று கேட்பது லேசுப்பட்ட காரியமா. முதல் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு அரை நாழிகை பெல்லைத் தடவிக்கொண்டே நின்றானாம். ஆனால் போன இடத்திலெல்லாம் அவனுக்குக் கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு குளிர்கிறது. ஆவுடையார்கோவில் பக்கம் வாத்தியாராகிவிட்ட பிச்சை என்பவன், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்த தன் மூன்றாம் வகுப்பைச் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தான். நார்த்தாமலையில் கல்லுடைக்கிற காண்டிராக்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன், “என் நாப்பத்தொண்ணு எனக்கு ஒரு வேலையும் பாக்கல. ஒனக்காவது வேலை பாக்கட்டும்” என்று சிரித்தான். சிரித்துவிட்டு, ஈரம் காயாத கைலியோடு பஸ் ஏறுகிற இடம் வரைக்கும் வந்து விட்டுப் போனான். இரண்டு பாடத்தில் கோட்டை விட்டுவிட்டு அரிசி ஆலையில் இருந்தவன்கூட, தகப்பனுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தான். யாரும் முகம் சுளிக்கவில்லை.

கார்த்திகை பாதி ஆனபோது எல்லாம் சேர்ந்துவிட்டது. சேவுகன் மட்டும் பாக்கி.

அவனிடம் போகாமல் இருக்கவில்லை. கிணற்றடி ஆயில் என்ஜின் கொட்டகையில் சேவுகன் எண்ணெய்க் கையோடு குந்தியிருந்தான். நாகராசு விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எனக்கு ஒண்ணும் இல்லடா. எடுத்துக்கோ” என்றான். “ஆனா அது எங்கிட்ட இல்ல. ஆத்தா தகரப் பெட்டியில வச்சுப் பூட்டியிருக்கு. அதத் தொறந்தாலே அழுகும். நான் கேட்டா, எதுக்குன்னு கேக்கும். எதுக்குன்னு சொன்னா வீடு ரெண்டாயிரும். நீ வேற ஒண்ணும் நெனச்சுக்காத.”

நாகராசு வீட்டுக்கு வந்து, போகவில்லை என்று சொல்லிவிட்டான். அமெரிக்காவுக்குத்தான். “பெரியாத்தாவ அழ வச்சுப்புட்டு எனக்கு ஒரு படிப்பு வேணாம். இலுப்பூர்லயே வாத்தியாரா இருந்துக்கிறேன்.”

சோலையப்பன் வெளியே போய் மாட்டைக் கட்டுகிற சாக்கில் நின்றுகொண்டார். சின்னப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் சும்மா இருந்தால் ஏதோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் காலையில் வானம் கிழக்கே நார்த்தாமலையை மூடிக்கொண்டு இறங்கியிருந்தது. காற்று ஈரமாக அடித்தது. அழகியின் மேட்டுக்காட்டில் கடலைச் செடியைப் பிடுங்கிக் குவித்துப் போட்டிருந்தார்கள். ஊரில் எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் கடலை முற்றிவிட்டதால் செடியிலிருந்து காய் ஆய ஆள் கிடைக்கவில்லை. மருதாயி, இருளாயி, இன்னும் இரண்டு பெண்கள் மட்டும் வந்திருந்தார்கள். பிடுங்கிய செடியில் மழை விழுந்து இரண்டு நாள் கிடந்தால் காய் முளை விட்டுவிடும். மாட்டுக்குத்தான் ஆகும்.

சின்னப்பிள்ளை ஒரு ஓலைப்பெட்டியோடு வரப்பு ஏறி வந்தாள். வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு குவியலுக்குப் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, செடியை மடியில் போட்டுக் காயைப் பறித்துப் பெட்டியில் போட ஆரம்பித்தாள். மருதாயி இருளாயியைப் பார்த்தாள். இருளாயி வெற்றிலையை மெல்லாமல் நிறுத்தினாள்.

கடலை ஆய வந்து உட்கார்ந்தவளை எழுந்து போ என்று சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. யார் வந்தாலும் ஆயலாம். ஆய்ந்த எட்டுப் பெட்டிக்கு ஒரு பெட்டி கூலி. ஆனால் சொந்தமாகக் காடு உள்ளவள், அதுவும் பேச்சு இல்லாத வீட்டுக்காரி, கூலிக்காரிகளோடு கூலிக்காரியாக வந்து உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அழகி செடிக்கட்டைத் தூக்கி வந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தக் கட்டைச் சின்னப்பிள்ளைக்குப் பக்கத்தில் போடாமல் நாலு எட்டு தள்ளிப் போட்டாள். சின்னப்பிள்ளை எழுந்து போய் அதை இழுத்து வந்து ஆய்ந்தாள்.

மதியம் வரைக்கும் இப்படியே போனது. செம்மண் ஈரத்தில் விரலெல்லாம் களிம்பு. நகக்கண்ணில் மண் ஏறி எரிந்தது. கஞ்சி வேளைக்கு அழகி கேப்பைக்கூழைக் கரைத்து எல்லாருக்கும் ஊற்றினாள். கடைசியில் ஒரு சட்டியைச் சின்னப்பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டுத் திரும்பாமல் போனாள். கூடவே ஒரு சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இருந்தன. சின்னப்பிள்ளை குடித்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

மருதாயிக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன சின்னப்புள்ள, ஒங்காட்டுல காய் இல்லையா?”

“எங்காட்டுல போன வாரமே ஆஞ்சாச்சு. கை சும்மா இருந்துச்சு, வந்தேன்.”

“கூலிக்கா?”

“கூலிக்குத்தான். பின்ன சும்மாவா ஆய்வாக?”

சாயங்காலம் நாலு மணி இருக்கும். மலைப் பக்கத்திலிருந்து மழை நடந்து வருவது கண்ணுக்குத் தெரிந்தது. “காய அள்ளுங்கடி” என்று அழகி கத்தினாள். அவள் அன்று சின்னப்பிள்ளையின் காதில் விழும்படி சொன்ன முதல் வார்த்தை அது. ஆறு பேரும் சாக்கிலும் பெட்டியிலும் வாரிப் போட்டு, காட்டுக் கொட்டகைக்கு ஓடி ஓடிச் சுமந்தார்கள். கடைசிச் சாக்கை ஒற்றையாகத் தூக்க முடியாமல் அழகி இழுத்தபோது, மறுமுனையை யாரோ பிடித்தார்கள். யார் என்று பார்க்க நேரமில்லை. இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழையவும் மழை சோவென்று இறங்கவும் சரியாக இருந்தது.

கொட்டகைக்குள் கூலி அளந்தாள் அழகி. மருதாயிக்கு, இருளாயிக்கு, மற்ற இருவருக்கு. அவர்கள் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு மழையோடு மழையாகப் போய்விட்டார்கள். சின்னப்பிள்ளை ஒதுங்கி நின்றவள், முன்னால் வந்து முந்தானையை ஏந்தினாள்.

அழகி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு காயை முந்தானையில் கொட்டினாள். இன்னும் ஒரு கை அள்ளி மேலே போட்டாள். கூலி அளந்தால் மேலே ஒரு கை போடுவது எல்லாருக்கும் உண்டு.

“ஒனக்கு என்ன வேணும்?” என்றாள்.

“ஒம் மகன் மார்க்கு வேணுங்க்கா.”

அழகிக்கு முதலில் விளங்கவில்லை. சின்னப்பிள்ளை சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அமெரிக்காக்காரனுக்கு நம்மூர் அறுபத்திமூன்றின் கனம் தெரியாததை, கூடப் படித்தவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டதை, இது ஒன்று இல்லாவிட்டால் காரியம் நின்றுபோவதைச் சொன்னாள். மழை கூரையில் அறைந்துகொண்டிருந்ததால் சத்தம் போட்டே சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப எம் மகன் தோத்துப்போனத, ஒம் மகன் கெலிச்சதுக்குச் சாட்சியாக் கேக்குற.”

“ஆமாங்க்கா. அதத்தான் கேக்குறேன். வேற மாதிரி சொன்னா அது பொய்யி.”

“ஒனக்கு நாக்குக் கூசலையா சின்னப்புள்ள?”

“கூசுது. அதான் காலையில வந்தவ இப்ப வரைக்கும் வாயத் தொறக்கல.”

அழகி சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சின்னப்பிள்ளை நின்றபடியே இருந்தாள். முந்தானைக் கடலை கனத்தது.

“பொங்கலக் கழனியில கொட்டுனேன்னு ஊரு பூரா என்னத்தான் பேசுச்சு” என்றாள் அழகி. “உள்ள எம் புள்ள ரெண்டு நாளாப் பச்சத் தண்ணி பல்லுல படாமக் கெடக்கான். எங்க அரளிய அரைச்சுக் குடிச்சுருவானோன்னு நான் அவன் கால்மாட்டுலயே உக்காந்திருக்கேன். அப்ப வருது ஒன் தூக்கு. நெய் மணக்குது. நான் என்னடி பண்ணுவேன்?”

“நீ கொட்டுனதுல தப்பே இல்லக்கா.”

“இப்ப சொல்ற.”

“இப்பத்தான் தெரியுது. விட்டுப்புட்டா ஊரு பேசும்னு நெனச்சேனே தவிர, ஒன்ன நெனக்கல. நான் பொங்கல் குடுத்து விட்டது தப்பு இல்ல, குடுத்து விட்டுட்டு வீட்டுல இருந்தேன் பாரு, அதுதான் தப்பு. நானே வந்திருக்கணும். வெறுங்கையோட வந்து ஒம் பக்கத்துல உக்காந்து ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கணும். அவனும் எங்கையில கஞ்சி குடிச்ச புள்ளதானே. எனக்கு அன்னைக்கு எம் மகன் மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சான்.”

இதைச் சொல்லும்போது சின்னப்பிள்ளை அழுதாள். வாய்த்துடுக்கான பொம்பளை என்று பேர் வாங்கியவள் மூக்கைச் சிந்தி அழுததை அழகி அவள் கல்யாணத்தன்று பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான்.

“நீ வந்திருந்தா அன்னைக்கே அந்தப் பொங்கலத் தின்னுருப்பேன்” என்றாள் அழகி.

மழை விட்டதும் இருவரும் வரப்பில் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தார்கள்.

தகரப் பெட்டியைத் திறந்தபோது நாகராசுவையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள் அழகி. அய்யாக்கண்ணு கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்குகிற மாதிரி கிடந்தார். ஒரு காது இந்தப் பக்கம்தான். பட்டுச் சேலைக்கு அடியில், மடித்த மஞ்சள் துணிக்குள், காகிதம் இருந்தது. அழகி அதை எடுத்து மகன் கையில் கொடுத்தாள். சேவுகன் தன் எண்ணெய்க் கையைக் கைலியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினான். விரித்துப் பார்த்தான். கண்ணில் நீர் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

“நான் போகாட்டியும் என் முப்பத்திமூணு அமெரிக்கா போகுது பாரு.”

கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அய்யாக்கண்ணுவின் வயிறு குலுங்கியது.

காட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சேவுகன் நல்ல இங்கிலீஷில், முத்து முத்தான எழுத்தில் எழுதினான். அழகி பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள்.

“ஏப்பா நாகராசு, அங்க இருக்கவுக எம் மகன் பேரப் படிப்பாகளா?”

“படிப்பாக பெரியாத்தா. எல்லார் பேரும் வரிசையா இருக்கும்.”

“மேலருந்து நீ மொதல்ல. கடைசியா எம் மகனா?”

“இல்ல பெரியாத்தா. சேவுகனுக்குக் கீழ ரெண்டு பேரு இருக்காக. இவன் ஒரு பாடத்துலதான் விட்டான். மத்ததுல எல்லாம் பாஸு. ஒரு பேப்பர்ல என்னய விட ரெண்டு மார்க்குக் கூட.”

அழகி நிமிர்ந்தாள். “கடைசி இல்லையா?”

“இல்ல.”

“ஒன்றரை வருசமா இத ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையேப்பா” என்றாள். மகன் பக்கம் திரும்பி, “நீயாச்சும் சொல்லக் கூடாதா?” என்றாள்.

“நீ கேக்கலையேத்தா” என்றான் சேவுகன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி போடப் போனாள். அடுப்பு ஈர விறகில் புகைந்தது. அதனால்தான் கண் கலங்கியது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

இன்னாசி சார் வரிசையை எழுதினார். நாகராசு பேர் தலைமாட்டில், நடுவில் நாற்பதும் நாற்பத்தைந்துமாகப் பிச்சை முதலான கூட்டம், கீழே சேவுகன், அவனுக்கும் கீழே இருவர். கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மார்கழி பிறப்பதற்குள் விமானத் தபாலில் போயிற்று. அனுப்பிய பிறகு இரண்டு வீட்டிலும் காத்திருந்தார்கள். தபால்காரர் சந்தனம் தெருவில் நுழைந்தால் சின்னப்பிள்ளை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அழகி எட்டிப் பார்த்தாள். தைப் பொங்கல் போயிற்று. மாசிக் களரித் திருவிழா போயிற்று. சோலையப்பனும் அய்யாக்கண்ணுவும் கோயிலில் ஒரே மூலையில் நின்றார்கள்; பேசிக்கொண்டது மழையையும் மாட்டையும் பற்றித்தான் என்றாலும், பேசிக்கொண்டார்கள்.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள் கடுதாசி வந்தது. நாகராசு வாசலில் நின்று படித்தான். அழகியும் சேவுகனும் சந்துக்குள்ளிருந்து வந்துவிட்டார்கள்.

“என்னப்பா எழுதியிருக்காக?” என்று சோலையப்பன் கேட்டார்.

“வகுப்புப் பூரா எழுதி அனுப்புனதால எங்களுக்கு வெளங்குச்சுன்னு எழுதியிருக்காக. பாதிப் பேரு நாப்பதச் சுத்தி நிக்கிற பரீட்சையில அறுவத்திமூணு வாங்குறது, எங்க ஊருல மொத தரத்துக்குச் சமம்ங்கிறாக. எடம் குடுத்துட்டாக. வேலையும் குடுத்துட்டாக. ஆவணியில போய்ச் சேரணும்.”

சோலையப்பன் மாட்டைக் கட்டப் போகவில்லை. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகராசு கடுதாசியை அப்படியே பெரியாத்தா கையில் கொடுத்துவிட்டு அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எழுந்து சேவுகனைக் கட்டிக்கொண்டான். கொஞ்ச நேரம் இருவரும் விடவில்லை. “சட்டையெல்லாம் எண்ணெ ஆவுதுடா” என்று சேவுகன்தான் முதலில் பேசினான். “வர்ற செப்டம்பருக்கு அந்த ஒரு பேப்பர நானும் எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன்” என்றும் சொன்னான். சொல்லிவிட்டு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று போய்விட்டான்.

சின்னப்பிள்ளை ஐயனாருக்குப் பொங்கல் வைக்க வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருந்தாள். இந்தத் தடவை யார் யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்று அவளுக்கு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பொழுது சாய்கிற நேரம், வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். சந்திலிருந்து அழகி வந்துகொண்டிருந்தாள். யார் கையிலும் கொடுத்து விடாமல் தானே வந்தாள். கையில் பித்தளைத் தூக்கு. புளி போட்டு விளக்கியதில் பளபளவென்று இருந்தது.

“ஊருக்கெல்லாம் குடுத்துட்டேன். ஒனக்குத்தான் கடைசி” என்றாள் அழகி.

“என்னதுக்கா?”

“எங்க வீட்டு மார்க்கும் அமெரிக்காவுல செல்லுபடி ஆயிருக்கே. சும்மா இருக்க முடியுமா. ஐயனாருக்கு வச்சேன்.”

சின்னப்பிள்ளை மூடியைத் திறந்தாள். சர்க்கரைப் பொங்கல் தளும்பத் தளும்ப இருந்தது. சூடு ஆறவில்லை. சாணிக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். இன்னொரு விள்ளல் எடுத்து அழகிக்கு ஊட்டினாள். அழகி வேண்டாம் என்று சொல்லாமல் வாயைத் திறந்தாள்.

“நல்லாருக்குக்கா. நாளைக்குத் தூக்கக் கழுவிக் கொண்டாந்து தாரேன்” என்றாள் சின்னப்பிள்ளை.

தூக்கு யாருடையது என்பது இரண்டு பேருக்கும் மறந்து போயிருந்தது.

“கொண்டா” என்றாள் அழகி. “வெறுமனே கொண்டாராத.”